கந்தோருக்குள் திறக்காத கம்பனித் தளம்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: கம்பனியின் இணையத்தளம் வெளியில் திறக்கிறது, கந்தோரில் மட்டும் திறக்கவில்லையே, ஏன்?

தளத்தைத் தாங்கும் கணினி அதே கந்தோரில் இருந்தால் இப்படி வரும். பெயரை இலக்கமாக்கித் தரும் டிஎன்எஸ் வெளி முகவரியைத்தான் சொல்லும். பக்கத்துக் காம்பராவுக்குத் தபாற்கந்தோர் வழியாகக் கடிதம் போட்ட மாதிரி! ரவுட்டர் வரை போனதைச் சில ரவுட்டர்கள் உள்ளே திருப்பிவிடாது.

வைஃபையை நிறுத்திவிட்டு போன் டேட்டாவில் பாருங்கள். திறந்தால் கோளாறு உள்ளேதான்; கணினியை அணைத்து அணைத்துப் போடுவதில் பிரயோசனமில்லை. கந்தோரின் டிஎன்எஸ்ஸில் உள் முகவரியைப் பதியச் சொல்லுங்கள். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் 1994 முதல் இப்படி உள்பாவனைக்கே ஒதுக்கியவை. பதவி உயர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாளென்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம், டேட்டாவிலேயே அனுப்பிவிடுங்கள்.