மூன்றாமவரின் பாட்டு

கலைஞன் தனித்து நின்று புகழெய்துதல் அரிது. பலர் கூடி நின்று எய்திய புகழை மனங்கோணாது பங்கிட்டுக்கொள்ளுதல் அதனினும் அரிது. இதற்கு இருபதாம் நூற்றாண்டு தந்த பெருஞ் சான்று, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிலே தோன்றிய பீட்டில்ஸ் என்னும் ரொக் இசைக்குழுவின் வரலாறே என்பது என் எண்ணம்.

1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆந் திகதி, அந்நகரைச் சேர்ந்த வூல்டன் என்னுமிடத்தில் நடைபெற்ற தேவாலய விழாவொன்றிலே ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தனர். முன்னவருக்கு வயது 16, பின்னவருக்கு 15. மறு ஆண்டில் மக்கார்ட்னியின் பாடசாலைத் தோழரும் அவரினும் இளையவருமான ஜோர்ஜ் ஹரிசன் வந்து சேர்ந்தார். 1962 ஒகஸ்டில் றிங்கோ ஸ்டார் மேளம் வாசிக்க வந்தமைய, நால்வர் அணி நிறைவுற்றது.

யார் இயற்றினும் பாட்டின்கீழ் லெனன், மக்கார்ட்னி ஆகிய இருவர் பெயரும் சேர்ந்தே இடம்பெறும் என்பது அவ்விருவரிடையே இருந்த உடன்பாடு. இருவரும் நண்பர்கள், அதே வேளையில் போட்டியாளர்கள். ஒருவர் தம் இளமைக்கால லிவர்ப்பூலைப் பாடினால், மற்றவரும் தாம் கண்ட லிவர்ப்பூலைப் பாடினார். 1967 பெப்ரவரியில் வெளிவந்த ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் அவ்விரு பாடல்களையும் கேட்கலாம். இத்தகைய போட்டியைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒப்பானவர் இருவர் ஒருவரையொருவர் முந்த முயன்றால் கலை வளர்கிறது.

ஆனால் அவ்வுடன்பாட்டில் மூன்றாமவருக்கு இடமிருக்கவில்லை. ஓர் இசைத்தட்டுத் தொகுதியிலே ஹரிசனின் பாடல்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டுதான். தொடக்கத்தில் இது முறையாகவே தோன்றியிருக்கும். அவர் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் இளையவன் மீசை முளைத்து முழு மனிதனான பின்னரும் மூத்தோர் கண்ணுக்குச் சிறுவனாகவே தெரிகின்றான் அல்லவா? நேர்ந்தது அதுவே.

1966 ஒகஸ்ட் 29ஆந் திகதி சன் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த நிகழ்ச்சியோடு அவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்தினர். மறு ஆண்டு ஒகஸ்ட் 27ஆந் திகதி, அவர்களுடைய முகாமையாளர் பிறயன் எப்ஸ்டீன் காலமானார். பிணக்குத் தீர்க்கும் பெரியவர் இல்லாத வீடாயிற்று குழு. மக்கார்ட்னி முன்னின்று வேலை வாங்கினார்; ஏனையோர் அதனை அதிகாரமெனக் கொண்டனர். 1968 ஒகஸ்டில் அமைதியே உருவான ஸ்டார்கூட வெளியேறினார். சில நாட்களில் அவர் திரும்பியபோது தம் மேளங்கள் மலர்களால் அலங்கரிக்கப்பட்டிருக்கக் கண்டார். 1969 ஜனவரி 10ஆந் திகதி, டுவிக்கனம் படப்பிடிப்பு நிலையத்திலிருந்து ஹரிசனும் எழுந்து போய்விட்டார்.

அந்நாட்களில் எடுக்கப்பட்ட படச்சுருள்களிலிருந்து பீட்டர் ஜக்சன் தொகுத்து 2021இல் வெளியிட்ட நீண்ட படத்தை நான் பார்த்தேன். பகைவர்களைக் காண்பேன் என்றிருந்தேன். கண்டதோ சிரித்து விளையாடும் தோழர்களை. பிரிவுக்குக் காரணமென்று உலகம் பழி சுமத்திய யோக்கோ ஓனோ, லெனனின் அருகே அமைதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கின்றார். ஒரு பெண்மீது பழியைப் போட்டுவிடுதல் எத்துணை எளிது! என் நெஞ்சைத் தைத்தது வேறு. ஹரிசன் தம் புதுப் பாட்டைப் பாடிக் காட்டுகின்றார். மற்றவர்கள் கேட்கின்றார்கள், ஆனால் செவி கொடுக்கவில்லை. கொடுமை செய்யும் எண்ணம் எவரிடமும் இல்லை. இருந்திருந்தால் எதிர்த்துப் போராடியிருக்கலாம். கவனக் குறைவை எங்ஙனம் எதிர்ப்பது?

ஹரிசன் சில நாட்களில் திரும்பி வந்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் வெளிவந்த 'அபே றோட்' தொகுதியிலே அவருடைய 'சம்திங்' என்னும் பாடல் இடம்பெற்றது. மூத்தோர் இருவரும் அதனைப் புகழ்ந்தனர். தனி இசைத்தட்டின் முதற்பக்கத்தில் அவருடைய பாடலொன்று இடம்பெற்றதும் அதுவே முதன்முறை. ஆயினும் மதிப்பு வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அதே செப்டெம்பரில் லெனன் தாம் விலகுவதாகத் தோழர்களிடம் கூறிவிட்டார்.

எஞ்சியது பணக்கணக்கு. அலன் கிளைன் என்பாரை முகாமையாளராக்க மூவர் விரும்பினர். மக்கார்ட்னியோ தம் மனைவியின் தந்தையாரையும் மைத்துனரையும் நம்பினார். 1970 டிசம்பர் 31ஆந் திகதி அவர் இலண்டனில் வழக்குத் தொடுத்தார். கூட்டு சட்டப்படி கலைந்தது 1975 ஜனவரியிலே. வழக்கை முறிவின் காரணமென்பதிலும் அதன் ஈமக்கிரியை என்பதே பொருந்தும்.

டுவிக்கனத்தில் பலமுறை ஒத்திகை பார்த்தும் குழு கைவிட்ட பாடலொன்றின் பெயரையே 1970 நவம்பரில் வெளியான தம் தொகுதிக்குச் சூட்டினார் ஹரிசன். 'ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற அத்தொகுதி மூன்று இசைத்தட்டுக்களைக் கொண்டது. அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பெற்றது. மூன்று இசைத்தட்டுக்களை நிறைக்கும் பாட்டு ஒருவர் நெஞ்சிலே தேங்கிக் கிடந்ததை, நாள்தோறும் பக்கத்தில் இருந்தவர்கள் அறியவில்லை.

லெனன் 1980இலும் ஹரிசன் 2001இலும் மறைந்தனர். 2023இல், லெனன் ஒலிநாடாவில் விட்டுச்சென்ற குரலோடும் ஹரிசன் 1995இல் வாசித்த கிற்றார் இசையோடும் எஞ்சிய இருவர் தம் இசையைச் சேர்த்து ஒரு பாடலை நிறைவு செய்தனர். அதிலே ஹரிசனின் நாதத்தைத் தேடியெடுத்துப் பேணியிருக்கின்றார்கள். கூடித் தொழில் செய்வோர் எவராயினும், அச்செவியை உயிரோடிருக்கும் தோழருக்கே கொடுத்துவிடுதல் நன்று.