ஐம்பதாம் படிக்கு அப்பால்

இம்மலருக்காக நம் பள்ளியின் பழைய குழுப்படம் ஒன்றை ஸ்கேன் செய்து, அதன் கறைகளை ஃபோட்டோஷாப் மென்பொருளால் நீக்க முற்பட்டோம். கறைகள் போயின, கூடவே, ஓரத்தில் நின்ற அருட்சகோதரி ஒருவரின் முகமும் கலைந்து போயிற்று! செய்ததை மாற்றப் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றோம். பாதியில் நின்றுவிட்டது.

ஏன் தெரியுமா, தோழியரே? தூரிகையை ஒருமுறை வைத்தெடுத்தாலே அது ஒரு படி. மென்பொருள் வழக்கமாகக் கடைசி 50 படிகளையே நினைவில் வைக்கும். புள்ளி புள்ளியாகத் தொடும் நமக்கு 50 எம்மாத்திரம்? (1998க்கு முன் ஒரே ஒரு படிதான் திரும்ப முடிந்ததாம்!)

'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் திறந்தால் 'ஹிஸ்டரி ஸ்டேட்ஸ்' என்னும் எண் இருக்கும். அதை 1000 வரை உயர்த்தலாம். ஆனால் படிகள் கூடக்கூட நினைவகம் நிரம்பிக் கணினி தள்ளாடும். நாங்கள் 200 வைத்தோம். உயர்த்தியதால் இழந்த படிகள் திரும்பவில்லை. கோப்பை மூடினாலோ எல்லாப் படிகளும் போய்விடும்.

நல்லவேளை, அச்சுப்படம் நூலக அலமாரியில் பத்திரமாக இருந்தது. மீண்டும் ஸ்கேன் செய்து, இம்முறை நகலில் மட்டுமே கைவைத்தோம். சகோதரியின் கன்னத்தருகே இருந்த கறையை அப்படியே விட்டுவிட்டோம்.