வீடு வாங்குமுன் பார்க்க வேண்டிய மூன்று



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டும் எளிய காரியங்கள் அல்ல என்பதே அதன் பொருள். இக்காலத்தில் நம்மில் பெரும்பாலோர் வீட்டைக் கட்டுவதில்லை; கட்டிய வீட்டை வாங்குகிறோம். அப்படி வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை இன்று விளக்க எண்ணுகிறோம்.

மலாக்கா மாநிலத்தில் ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று தாமான்கள் நிற்கின்றன. புக்கிட் ரம்பாயில் குடியிருந்துகொண்டு தஞ்சோங் கிலிங், பத்து பிரண்டாம் தொழிற்சாலைகளுக்கும் மலாக்கா பட்டணத்துக்கும் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் அநேகர். இவர்களின் பெற்றோர் லயத்தில் வாழ்ந்தவர்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை நமக்கு. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தன. அந்த வேதனையிலிருந்துதான் 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தனின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சொந்த நிலம், சொந்தக் கூரை என்ற ஆசை நமக்கு நேற்று வந்தது அன்று.

ஆகவே, ஒரு குடும்பம் முதல் வீட்டை வாங்கும்போது அதில் போகும் பணம் சாதாரணப் பணம் அன்று. ஊழியர் சேமநிதியில் பல ஆண்டுகள் சேர்ந்த பணம் அது. அதை முன்பு இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்தோம். 2024 மே மாதம் முதல் 'அக்காவுன் செஜாத்ரா' என்னும் கணக்கிலிருந்து எடுக்கிறோம். வீட்டின் விலை 2 இலட்சம் வெள்ளி என்றால், வழக்கமான 10 விழுக்காட்டு முன்பணமே 20,000 வெள்ளி. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் பின்வாங்கினால் அந்தப் பணம் திரும்பாமல் போகக்கூடும். எனவே, பார்க்க வேண்டியதையெல்லாம் கையொப்பத்துக்கு முன்னரே பார்த்துவிட வேண்டும்.

வங்கி ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்க்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. மதிப்பீட்டாளர் வங்கிக்காகப் பார்க்கிறார். கடன் கட்டப்படாமல் போனால் வீட்டை விற்று வங்கி தன் பணத்தை மீட்க முடியுமா என்பதுதான் அவரிடம் கேட்கப்படும் கேள்வி. கட்டணத்தை நாமே கட்டினாலும் கேள்வி வங்கியுடையதே. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுகிறதா, நிலைச்சட்டத்தைக் கரையான் தின்றிருக்கிறதா என்று நமக்காகப் பார்ப்பது அவர் வேலை அன்று.

இங்கிலாந்தில் இந்த வேறுபாட்டை மக்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். இலண்டனுக்குத் தினமும் இரயிலேறிப் போகிறவர்கள் குடியிருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் போன்ற பழைய ஊர்களில், பல நூற்றாண்டு வயதுள்ள வீடுகளும் விற்பனைக்கு வரும். வங்கியின் மதிப்பீடு ஒருபுறம் இருக்க, வாங்குகிறவர் தாமே ஒரு சர்வேயரை அமர்த்தி வீட்டை ஆராய்ந்து அறிக்கை பெறுவது அங்கே வழக்கம். நம் நாட்டிலும் கட்டட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை அமர்த்தும் பழக்கம்தான் நம்மிடையே குறைவு. அதற்கு வசதியில்லாதவர்களும் தாங்களே பார்க்கக் கூடியவை நிறைய உண்டு. அவற்றைக் கெரான், கல், சுவர் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

முதலாவது கெரான், அதாவது நில உரிமைப் பத்திரம். விற்பவர் காட்டும் நகலை மட்டும் நம்பக் கூடாது. நில அலுவலகத்தில் 'காரியான் ரஸ்மி' என்னும் அதிகாரபூர்வத் தேடலுக்கு மனுச் செய்தால், பதிவேட்டில் அன்றுள்ள நிலை தெரியும். மலாக்காவிலும் பினாங்கிலும் முன்பு ஆங்கிலேயர் முறைப்படி பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டமும், 1966 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டமும் அந்த முறையை மாற்றின. இப்போது பதிவேடே சான்று.

அந்தத் தேடலில் ஐந்து செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, உரிமையாளர் பெயர். நம்மிடம் பேசுகிறவர்தாம் பதிவேட்டிலும் இருக்கிறாரா? ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தால் அனைவரும் விற்க இணங்குகிறார்களா?

இரண்டு, 'காடாயான்' என்ற வங்கி அடமானமும் 'காவேயட்' என்ற தடைப்பதிவும் இருக்கின்றனவா? அடமானம் இருப்பது குற்றமன்று. அதை அடைத்து நீக்கும் ஏற்பாட்டை நம் வழக்கறிஞர் உறுதி செய்ய வேண்டும்.

மூன்று, நிலம் என்றைக்கும் சொந்தமா, குத்தகையா? 99 ஆண்டுக் குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கணக்கிடுங்கள். மிச்சம் குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும்.

நான்கு, 'செக்காத்தான்' என்ற கட்டுப்பாடு. மலாக்காவில் இது மிக முக்கியம். இங்கே 'தானா அடாட் மலாக்கா' என்னும் மரபு நிலம் உண்டு. மாநிலத்தில் வாழும் மலாய்க்காரருக்கோ, மாநில அரசாங்கத்தின் சான்றிதழ் பெற்றவருக்கோதான் அதை மாற்றிக் கொடுக்க முடியும். விலை மலிவு என்று ஆசைப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்டு, பெயர் மாற்ற வழியில்லாமல் நிற்கக் கூடாது.

ஐந்து, நிலத்தின் வகை. பதிவேட்டில் 'பெர்த்தானியான்', அதாவது விவசாயம் என்றிருந்தால் நிதானிக்க வேண்டும். விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டேருக்கும், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கும், குறைவான துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனிக் கெரான் எடுக்க முடியாது. அத்தகைய நிலத்தில் வேலி போட்டு 'உங்கள் லாட் இது' என்று காட்டுவார்கள். ஆனால், கெரானில் கிடைப்பது மொத்த நிலத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்த மூலைதான் நம்முடையது என்று கெரான் சொல்லாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 'பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம், யார் கேட்பார்கள்' என்ற பேச்சு நம்மிடையே உண்டு. நெடுங்காலம் குடியிருந்ததால் மட்டும் நிலம் நம்முடையதாகிவிடாது என்பதைத் தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு தெளிவாக்குகிறது. அப்படிப்பட்ட இடத்திலுள்ள வீட்டைக் கைமாற்றிக் கொடுப்பவர், நிலத்தைக் கொடுப்பதில்லை.

இரண்டாவது கல். 'பாத்து செம்பாடான்' என்னும் எல்லைக்கற்கள் நிலத்தின் மூலைகளில் நடப்பட்டிருக்கும். கெரானில் உள்ள வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைத் தேடிப் பாருங்கள். நீள அகலத்தை நாடாவால் அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டு அடுப்படி நம் எல்லைக்குள் வந்திருக்கிறதா? விற்பவர் கட்டிய அடுப்படி பின்சந்தை மறித்து நிற்கிறதா? மறித்திருந்தால், நாளைக்கு நகராண்மைக் கழகம் இடிக்கச் சொல்லும்போது செலவு நம்முடையது. கூட்டிக் கட்டிய பகுதிக்கு அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். கல் காணவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளர்தாம் திரும்ப நட முடியும். கெரான் எண்ணுக்கு முன்னால் 'எச்.எஸ்.' என்று தொடங்கினால், அது இறுதி அளவை முடியாத தற்காலிக உரிமைப் பத்திரம். அளவை முடிந்தபின் பரப்பு சிறிது மாறலாம்.

மூன்றாவது சுவர், அதாவது வீடு. வீட்டை ஒரு முறை பார்த்தால் போதாது. நடுப்பகலில் ஒரு முறையும், பெருமழை ஓய்ந்த கையோடு ஒரு முறையும் போய்ப் பாருங்கள். மழைக்குப் பின் சாக்கடை எங்கே பொங்குகிறது என்பதை அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். விற்பவர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

சுவரில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தால், அது பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வந்ததாக இருக்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு வேறு. அதில் ஒரு பென்சில் நுழையுமானால், அடித்தளம் இறங்குகிறதோ என்று ஐயப்பட வேண்டும். வயலையும் சதுப்பையும் மேடாக்கிக் கட்டிய இடங்களில் இது மிகுதி. பின்னால் கூட்டிக் கட்டிய அடுப்படி, தாய்ச்சுவரிலிருந்து பிரிந்து நிற்பதையும் பார்க்கலாம். தரையில் கோலிக்குண்டை வையுங்கள். தானே உருண்டு ஒரே பக்கம் ஓடினால் தரை சாய்ந்திருக்கிறது.

கரையானைப் பற்றித் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ரப்பர் மரத்தையே அரித்துச் சாய்க்கும் கரையான் உண்டு என்பதை நாம் அறிவோம். பழைய ரப்பர்க் காட்டை அழித்துக் கட்டிய தாமானில் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் புதைந்திருந்தால் கரையான் அங்கே தங்கிவிடும். நிலைச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். உள்ளே கூடு பாய்ந்த ஓசை கேட்கிறதா? சுவரோரம் மண்ணால் ஆன கோடு ஏறுகிறதா?

கூரை உட்பலகையில் பழுப்புக் கறை இருந்தால் ஒழுகியிருக்கிறது. புதிதாக வர்ணம் பூசிய வீட்டில் அலமாரிக்குப் பின்புறம் பாருங்கள். அங்கே யாரும் வர்ணம் பூசுவதில்லை. எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு நீர்மானியைப் பாருங்கள். அது சுற்றினால் எங்கோ கசிகிறது.

மலாக்கா பட்டணத்தின் பழைய வீடுகளுக்கு வேறு குணம் உண்டு. 2008ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதியில் பல சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லையே உதிர்க்கும். அங்கே பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும்.

புது வீடு வாங்குகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அதிகம். உரிமம் பெற்ற மேம்பாட்டாளரிடம் வாங்கினால், சாவி பெற்றதிலிருந்து 24 மாதத்துக்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளை அவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். குறைகளைத் தேதியிட்டு எழுதி, படமெடுத்துக் கொடுத்து, கையொப்பத்தோடு நகல் பெறுங்கள். செய்யாவிட்டால் 2002 முதல் இயங்கும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தை நாடலாம். பழைய வீட்டை இன்னொருவரிடமிருந்து வாங்குகிறவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை. அவர்களுக்கு வாங்குமுன் பார்ப்பதே பாதுகாப்பு.

கெரானை நில அலுவலகத்தில் பாருங்கள். கல்லை மண்ணில் பாருங்கள். சுவரை மழையிலும் வெயிலிலும் பாருங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்; தேடல் தாளை அவர்கள் வாசித்துச் சொல்லட்டும். மூன்றும் சரியாக இருந்த பிறகு பேனாவை எடுங்கள். 'இன்றே பணம் கட்டாவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்' என்று யாராவது அவசரப்படுத்தினால், வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். வேறு வீடு கிடைக்கும். சேமநிதிப் பணத்தை மறுபடியும் சேர்க்க இன்னும் இருபது ஆண்டுகள் வேண்டும்.