ஓட்டையில்லாத சாலட் கீரைதான் நல்ல கீரையா?

கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் வரும் சாலட் கீரையில் சின்ன ஓட்டை தெரிந்தாலும் நம்மவர்கள் ஒதுக்கி விடுகிறார்கள். இது விவசாயிக்கும் தெரியும். அதனால்தான் அவர் அடிக்கடி மருந்து தெளிக்கிறார். முட்டைகோஸை வேகவைத்து உண்கிறோம். இதுவோ பச்சையாகவே உண்ணும் இலை!

இக்கீரைக்குப் பெரிய தொல்லை, இலைக்குள் சுரங்கம் போடும் புழு. சிறிய ஈ ஒன்று இலைக்குள் முட்டையிடும். புழு உள்ளேயே தின்றுகொண்டு போக, இலையில் வெள்ளைக் கோடுகள் நெளியும். மேலே தெளிக்கும் மருந்து பல சமயம் அதனை எட்டாது. அந்தப் புழுவை அழிக்கும் குட்டிக் குளவிகள்தான் மடியும். பிறகென்ன, ஈ இன்னும் பெருகும், மறுபடியும் மருந்து! கோடு விழுந்த இலைகளைக் கிள்ளி அகற்றுவதும், மஞ்சள் ஒட்டு அட்டைகளைத் தொங்கவிடுவதும், பூச்சி வலை கட்டுவதும் இதைக் கட்டுப்படுத்தும்.

அடியிலை அழுகுவது ஈரத்தால். மேட்டுப்பாத்தி, செடிகளுக்கிடையே காற்றோட்டம், காலையில் வேருக்கு மட்டும் தண்ணீர், மழைக்குப் பிளாஸ்டிக் கூரை ஆகியவை போதும்.

களைக்கொல்லியான பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தடை. பிளாஸ்டிக் விரிப்பும் கையால் பிடுங்குவதும்தான் வழி. களையை விட்டால் அசுவினி அதில் குடியேறும்.

மருந்து தவிர்க்க முடியாதபோது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு தெளிப்பை நிறுத்த வேண்டும் என்பது லேபிளில் இருக்கும். விலை ஏறியதென்று அதற்குள் அறுத்தால் என்ன ஆகும்? வீட்டில் ஓடும் நீரில் கழுவினால் மண்ணும் மேலே ஒட்டியதில் ஒரு பகுதியும் போகும். இலைக்குள் ஊடுருவிய மருந்து போகாது.