கட்டடம் நின்றால் மட்டும் போதுமா?

1971ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி காலை அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் சான் பெர்ணாண்டோ என்னும் பகுதி பூமியதிர்ச்சியால் குலுங்கியது. அங்கே ஒலிவ் வியூ பொது வைத்தியசாலையின் புதிய கட்டடம் திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. கட்டடம் பெருஞ் சேதமடைந்தது. அவ்வைத்தியசாலையில் இறந்தவர்கள் மூவர். அவர்களுள் இருவர் இடிபாட்டில் சிக்கியவர்கள் அல்லர். மின்சாரம் நின்றதும் அவர்களுக்கு உயிர்மூச்சுக் கொடுத்த கருவிகளும் நின்றுவிட்டன.

வைத்தியசாலைகளில் மின்பிறப்பாக்கி இருக்குமே என்று கேட்பீர்கள். ஜெனரேற்றரை நம்பிச் சத்திரசிகிச்சை நடந்த காலத்தைக் கண்டவர்கள் நாம், கேள்வி நியாயமானதே. ஆனால் மின்பிறப்பாக்கியைத் தொடக்கி வைப்பது பற்றரி. அந்தப் பற்றரிகளைத் தட்டில் சும்மா அடுக்கி வைப்பதுதான் பல இடங்களிலும் வழக்கம். நிலம் பக்கவாட்டில் ஆடினால் அவை சறுக்கி விழும், வயர் அறும், அமிலம் கொட்டும். பெறுமதியான இயந்திரம் ஒரு கீறலும் இல்லாமல் நிற்கும், ஆனால் இயங்காது.

கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கட்டாமல் ஓடவிட்டால் தன் அதிர்விலேயே அது மெல்ல மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் அதைப் பலகையிலோ சீமெந்துக் கட்டிலோ பூட்டுகிறோம். பூமியதிர்ச்சியில் அதிர்வது இயந்திரம் அல்ல, அதன் அடியிலுள்ள நிலம். செய்யவேண்டிய வேலை அதுவேதான். உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் மின்பலகை அலுமாரிகளின் அடியை நிலத்தோடு போல்ற் போட்டு இறுக்கி, மேற்பகுதியைச் சுவரோடு பிணைக்கவேண்டும். கேபிள்களைச் சற்றுத் தளர்வாக விடவேண்டும்; விறைப்பாக இழுத்துக் கட்டினால் முதல் ஆட்டத்திலேயே பிடுங்குப்படும். பற்றரிக்குச் சுற்றிவர இரும்புச் சட்டமும் பட்டியும் போதும்.

ஒரு விடயம் மட்டும் சற்றுச் சிக்கலானது. மின்பிறப்பாக்கியின் அதிர்வு கட்டடத்துக்குப் போகாதிருக்க அதைச் சுருள்வில்களின் மேல் வைப்பதுண்டு. அன்றாடம் இது நல்ல ஏற்பாடுதான். பூமியதிர்ச்சியிலோ அதே வில் ஆட்டத்தைப் பெருக்கி இயந்திரத்தையே புரட்டிவிடலாம். ஆகவே நாற்புறமும் அசைவை மறிக்கும் இரும்புத் தடுப்புகள் வேண்டும்.

கலிபோர்ணியாவில் 1973இல் வைத்தியசாலைகளுக்கெனத் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒலிவ் வியூவும் மிகப் பலமாக மீண்டும் கட்டப்பட்டது. 1994 ஜனவரி 17இல் நோத்றிஜ் பூமியதிர்ச்சி வந்தபோது அந்தக் கட்டடம் அசையாமல் நின்றது. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்கள் உடைந்து வெள்ளம் பாய்ந்து, நோயாளரை வேறிடங்களுக்கு அனுப்ப நேர்ந்தது. மின்பலகை உள்ள அறையின் மேலால் தண்ணீர்க் குழாய் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை, கவனம்தான் தேவை. பழைய பற்றரியை மாற்ற வரும் மெக்கானிக் பட்டியைக் கழற்றிப் புதியதை வைத்துவிட்டு, பட்டியைத் திரும்பப் பூட்டாமலே போய்விடுவதுண்டு. அவர் புறப்படுமுன் பொறுப்பாளர் ஒருவர் தன் கையால் பற்றரியை அசைத்துப் பார்க்கவேண்டும்.