தண்ணீர் மேல் நிற்க முடியுமா?



லீவுக்கு அடையாறில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் ஆற்றில் துடுப்புப் படகுகள் போயின. 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அங்கேதான் உள்ளது. துடுப்புப் போடுபவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள்! "இங்கே நீர்ச்சறுக்கு ஏன் இல்லை?" என்று மாமாவிடம் கேட்டேன்.

நீர்ச்சறுக்கு என்றால் என்ன? காலில் நீளப் பலகையை மாட்டிக்கொண்டு, மோட்டார் படகு கயிற்றால் இழுக்க, தண்ணீர் மேல் நின்று போவது. 1922-இல் அமெரிக்காவில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் இதைச் செய்து காட்டினார்.

எப்படி நிற்கிறார்கள்? சாய்ந்த பலகை வேகமாகப் போகும்போது தண்ணீரைக் கீழே தள்ளும். தண்ணீர் பலகையை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிதான்! படகு நின்றால் நாமும் மூழ்குவோம். அதனால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

விழாமல் இதைப் பழகவே முடியாது. விழுந்தால் வாய்க்குள் தண்ணீர் போகும். அடையாற்றிலோ சாக்கடை கலக்கிறது. "படகில் உட்காரலாம். இதுல விழ முடியுமா பாப்பா?" என்றார் மாமா. எனக்குப் பதில் வரவில்லை.

நம்ம ஊர் ஏரியில் இன்னும் நாம குதிச்சுக் குளிக்கிறோம். அதில் குப்பை போடாதீங்க!


ஒன்பதாம் வகுப்பு மாணவி