பல் உடைந்தாலும் கொடுங்காயம்தான்

திருவரங்குளம் பக்கம் ஒரு வரப்புத் தகராறு கைகலப்பில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே தள்ளப்பட்டவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. பல் ஒன்றும் பெயர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை மட்டும் காட்டுகிறார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. காயச் சான்றிதழில் ‘சாதாரணக் காயம்’ என்று வருகிறது. பல்லைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வழக்கு அங்கேயே பலமிழந்துவிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு, கொடுங்காயம் எது என்று எட்டு வகையாகச் சொல்கிறது. ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, எலும்பு முறிவது அல்லது மூட்டு விலகுவது இவற்றோடு, பல் உடைவதும் பெயர்வதும் அதில் உண்டு. 15 நாள் கடும் வலியில் தவித்தாலோ, வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இது 20 நாள். வார்டில் 15 நாள் படுத்திருந்தால் மட்டும் போதாது. வலியும் முடங்கியதும் மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருக்க வேண்டும்.

வேண்டுமென்றே விளைவித்த சாதாரணக் காயத்துக்கு அதிகபட்சம் 1 ஆண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. கொடுங்காயத்துக்கோ 7 ஆண்டு வரை சிறை, அபராதம். போலீஸே நேரடியாக எப்.ஐ.ஆர். போட வேண்டும்.

ஆகவே அடிபட்ட அன்றே தலை முதல் கால் வரை எங்கெங்கே வலி என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எப்படி அடிபட்டது என்பதையும் மறைக்காதீர்கள். ‘கீழே விழுந்துட்டேன்’ என்று பயந்து சொன்னது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறிவிட்டால், பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்.

புகார் கொடுக்கப் போனால், எந்த ஸ்டேஷன் எல்லை என்று போலீஸ் அலையவிடக் கூடாது. எங்கு போனாலும் புகாரை வாங்கியாக வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் நடுவரிடம் மனுச் செய்யலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவைப்பது நம் பக்கம் வழக்கம். கொடுங்காய வழக்கில் அப்படி எழுதி வாங்கும் காகிதம் மட்டும் போதாது. சமாதானத்துக்குக் கோர்ட் அனுமதி வேண்டும்.